பயிற்சி முடிந்த மறுநாள்

"ஆப்பிரிக்கக் கிராமப் பெண்களுக்கு இயற்கை வேளாண்மையிலும் கூட்டுத் தோட்டம் அமைப்பதிலும் பயிற்சி" என்ற பொருளில் மாதத்துக்கு ஒரு செய்தியாவது கண்ணில் படுகிறது. கூடவே ஒரு படமும் இருக்கும். பெண்கள் வரிசையாக நிற்பார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒரு சான்றிதழ். நடுவில் விருந்தினர்கள், பின்னால் துணிப் பதாகை. நம் தாலுகா அலுவலகங்களில் எடுக்கப்படும் படங்களும் இதே அச்சில் வார்த்தவைதான். புடவையின் நிறமும் கட்டும் மட்டுமே வேறு. இத்தகைய படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எழும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். பயிற்சி முடிந்த மறுநாள் அந்த அம்மாள் தன் ஊருக்குப் போய் என்ன செய்தாள்?

இந்தக் கேள்வியை நம் பத்திரிகையில் எழுப்புவதற்குக் காரணம் உண்டு. நஞ்சன்கூடு, டி. நரசிபுரம் பக்கத்துக் கிராமப் பெண்களுக்காக வேளாண் பயிற்சி முகாம் ஒன்றை நம் சங்கத்தின் சார்பில் நடத்தலாம் என்று சென்ற பொதுக்குழுவில் பேச்சு வந்தது. ஒரு நாள் முகாம், மதிய உணவு, ஒரு விதைப் பொட்டலம், ஒரு சான்றிதழ் என்பது யோசனை. நல்ல நோக்கம், மறுப்பதற்கில்லை. ஆனால் அதே பணத்தை வேறு விதமாகச் செலவிட வேண்டும் என்பது என் கருத்து. அதற்கான காரணங்களை அன்பர்கள் முன் வைக்கிறேன்.

யாருக்கு யார் கற்பிப்பது?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்ள வேண்டும். ஆப்பிரிக்கக் கிராமப் பெண்ணுக்கும் சரி, நம் கிராமப் பெண்ணுக்கும் சரி, விவசாயம் புதிதல்ல. ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 2011இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வளரும் நாடுகளின் வேளாண் உழைப்பாளர்களில் சராசரியாக 43 சதவீதம் பேர் பெண்கள். சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவில் ஏறத்தாழப் பாதிப் பேர். நம் நாட்டிலோ 2022-23ஆம் ஆண்டின் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, கிராமத்தில் வேலை செய்யும் பெண்களில் நூற்றுக்கு 76 பேர் விவசாயத்தில்தான் இருக்கிறார்கள். நாற்று நடுவது, களை பறிப்பது, விதை எடுத்து வைப்பது, மாட்டைப் பராமரிப்பது, எருக்குழியை நிரப்புவது எல்லாம் அவர்கள் கைவேலை.

அப்படியானால் குறை எங்கே? அதே அறிக்கை அதையும் சொல்கிறது. நிலம், கடன், உரம், கருவி, ஆலோசனை ஆகியவை ஆணுக்குக் கிடைக்கும் அளவு பெண்ணுக்கும் கிடைத்தால், அவள் நிலத்தின் விளைச்சல் 20 முதல் 30 சதவீதம் வரை கூடும். உலகில் பசித்திருப்போரில் 10 கோடி முதல் 15 கோடிப் பேர் வரை குறைவார்கள் என்பது அதன் கணக்கு. ஆலோசனை என்பது இந்தப் பட்டியலில் ஒன்றுதான் என்பதைக் கவனிக்க வேண்டும். மற்ற நான்கையும் விட்டுவிட்டு ஆலோசனையை மட்டும் ஒரு நாள் கொடுத்துவிட்டு வந்தால் என்ன ஆகும்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பெரியவர்கள் சொன்னதுதான் ஆகும்.

எங்கள் தெருவுக்குப் பூ கொண்டு வரும் ஓர் அம்மாள் நஞ்சன்கூடு தாலுகாவைச் சேர்ந்தவர். மண்புழு உரம் தயாரிக்க மூன்று நாள் பயிற்சி பெற்றவர். சான்றிதழைத் தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறார். பயிற்சிக்குப் பிறகு யாரும் வந்து பார்க்கவில்லை. கோடையில் தண்ணீர் குறைந்து புழுக்கள் செத்துவிட்டன. சரி, மறுபடியும் தொடங்கலாமே என்று கேட்டேன். "பூமி நன்னதல்ல, ஸ்வாமி" என்றார். நிலம் அவருடையது அல்ல. கணவரின் அண்ணன் அதை இஞ்சி போடுகிறவர்களுக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டாராம். இந்த அம்மாளுக்கு அறிவும் குறைவில்லை, ஆர்வமும் குறைவில்லை. மறுநாள்தான் இல்லாமல் போயிற்று.

பாதை போடுவதும் பாதை காப்பதும்

நான் டிப்ளமா படித்துவிட்டு ரயில்வேயில் பாதைப் பராமரிப்புப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தவன். மீட்டர்கேஜில் தொழில் பழகி, அகலப்பாதையில் ஓய்வு பெற்றேன். ஆகவே எனக்குத் தெரிந்த உதாரணத்தைச் சொல்கிறேன்.

புதிதாகப் போட்ட ரயில் பாதையில் முதல் நாளே முழு வேகத்தில் வண்டி விட மாட்டோம். மணிக்கு 20 கிலோமீட்டர் என்று வேகக் கட்டுப்பாட்டுப் பலகை வைப்போம். வண்டிகள் ஓட ஓட ஜல்லி அமரும். பாதை ஓரிடத்தில் தாழும், ஓரிடத்தில் கோணும். கேங் ஆட்கள் மறுபடியும் ஜல்லி இடித்து மட்டம் பார்ப்பார்கள். வேகத்தைக் கொஞ்சம் கூட்டுவோம். மறுபடியும் இடிப்பு, மறுபடியும் மட்டம். இப்படிப் பல சுற்று ஆன பிறகுதான் முழு வேகம். அதற்குப் பின்னும் கீமேன் தினந்தோறும் தன் எல்லை முழுவதும் நடந்து, கழன்ற சாவியை அடித்து இறுக்கிக்கொண்டே போவார். திறப்பு விழாவுக்கு மந்திரி வருவார். பாதையைக் காப்பாற்றுகிறவர் கீமேன்தான்.

பயிற்சியும் அப்படித்தான். வகுப்பில் கேட்டது மண்ணில் இறங்கும்போது தாழும், கோணும். மழை தவறும், பூச்சி விழும், மாமியார் முணுமுணுப்பார். அந்த நேரத்தில் யாராவது வந்து மறுபடியும் மட்டம் பார்க்க வேண்டும். வேலைத்திட்டம் போடுகிறவர்கள் திறப்பு விழாவுக்குப் பணம் ஒதுக்குகிறார்கள், கீமேனுக்கு ஒதுக்குவதில்லை.

ஆப்பிரிக்காவில் வேர் பிடித்தவை

ஆப்பிரிக்கா பெரிய கண்டம். ஒரே ஊர் போல அதைப் பேசுவது தவறு. மூன்று நாடுகளில் நடந்த மூன்று முயற்சிகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கென்யாவில் பேராசிரியர் வங்காரி மாத்தாய் 1977இல் தொடங்கிய பசுமை வளைய இயக்கம் பலரும் கேள்விப்பட்டது. அந்த ஆண்டு ஜூன் 5ஆம் தேதி நைரோபியில் ஏழு மரக்கன்றுகளை நட்டுத் தொடங்கினார்கள். கிராமப் பெண்களுக்கு நாற்றங்கால் போடக் கற்றுத்தர வனத்துறையினரை அழைத்தபோது, அவர்கள் பேசிய தொழில்நுட்பம் பெண்களுக்குத் தலை சுற்றியது. மரம் வளர்க்கப் படித்த பட்டம் வேண்டும் என்ற எண்ணமும் அதிகாரிகளிடம் இருந்தது. பயறும் சோளமும் விதைத்துப் பழகிய கைகளுக்கு மர விதை மட்டும் முளைக்காதா என்று கேட்டார் மாத்தாய். பெண்கள் உடைந்த சட்டியிலும் பானையிலும் விதை போட்டுத் தங்கள் வழியில் கன்று வளர்த்தார்கள். அவர்களை டிப்ளமா இல்லாத வனத்துறை நிபுணர்கள் என்றே மாத்தாய் பெருமையாகச் சொல்வார். டிப்ளமா வைத்திருக்கும் எனக்கு அதைப் படித்தபோது மகிழ்ச்சிதான். டிப்ளமா இல்லாத மேட்டுகளிடம்தான் நானும் பாதை வேலையின் நுணுக்கங்களைக் கற்றேன்.

அந்த இயக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் கணக்கு முறை. கன்று நட்டதற்காகப் பணம் கொடுக்கவில்லை. நட்ட கன்று பிழைத்திருந்தால்தான் சிறு தொகை. ஆகவே யாராவது போய்ப் பார்த்தே ஆக வேண்டும். வளர்த்தவளும் தண்ணீர் ஊற்றியே ஆக வேண்டும். மறுநாள் என்பது திட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டது. கோடிக்கணக்கான மரங்கள் இப்படித்தான் எழுந்தன. 2004இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற முதல் ஆப்பிரிக்கப் பெண்மணியானார் மாத்தாய். 2011இல் மறைந்தார்.

அடுத்தது மலாவி. அந்நாட்டின் வடபகுதியில் எக்வெண்டேனி என்ற ஊரின் மருத்துவமனைக்கு எலும்பும் தோலுமான குழந்தைகள் வந்துகொண்டே இருந்தன. காரணம் தேடிப் போனால் வயலில் வந்து நின்றார்கள். எங்கு பார்த்தாலும் மக்காச்சோளம். உரம் வாங்க வசதியில்லை. மண் சத்திழந்து போயிருந்தது. 2000ஆம் ஆண்டு வாக்கில் மண்ணையும் உணவையும் ஆரோக்கியத்தையும் சேர்த்துப் பார்க்கும் ஒரு திட்டம் அங்கே தொடங்கியது. துவரையையும் நிலக்கடலையையும் சேர்த்துப் பயிரிட்டு, அறுவடைக்குப் பின் தழையை மண்ணுக்குள் புதைத்தார்கள். பருப்பு குழந்தையின் தட்டுக்கும், தழைச்சத்து மண்ணுக்கும் போயிற்று. ராகியோடு துவரையும் அவரையும் கலந்து விதைப்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு இது புதிய வித்தை அல்ல.

ஆனால் அங்கே இன்னொரு சிக்கல் எழுந்தது. புதுப் பயிர் என்றால் பெண்ணுக்குக் கூடுதல் வேலை. வயலில் குனிந்தவள் வீட்டுக்கு வந்தும் விறகும் தண்ணீரும் சுமக்க வேண்டும். கைக்குழந்தைக்குச் சரியாக ஊட்டக்கூட நேரம் இராது. இதைப் பேசித் தீர்க்காமல் விதையை மட்டும் கொடுத்துப் பயனில்லை என்று கண்டார்கள். ஆகவே சமையல் நாள் என்று வைத்து, ஊர் ஆண்களையும் அழைத்து, பருப்பையும் சோயாவையும் அவர்களையே சமைக்க வைத்தார்கள். சிரிப்பும் கேலியுமாகத் தொடங்கிய அந்த நாட்கள், வீட்டு வேலையைப் பங்கிட்டுக்கொள்ளும் பேச்சுக்கு வழி திறந்தன. வேளாண் பயிற்சி என்ற பெயரில் ஆண்களுக்குக் கரண்டி பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். இதைவிடப் பொருத்தமான வேளாண் பயிற்சி இருக்க முடியாது என்பேன்.

மூன்றாவது, மலைநாடான லெசோத்தோவின் சாவித்துளைத் தோட்டம். மேலிருந்து பார்த்தால் பழைய பூட்டின் சாவித்துளை போலிருப்பதால் இந்தப் பெயர். ஏறக்குறைய இரண்டு மீட்டர் குறுக்களவில் வட்டமாகக் கல் அடுக்கி, இடுப்புயரத்துக்கு மண்ணும் மக்கும் நிரப்புகிறார்கள். நடுவில் ஒரு கூடை. அதில் சமையலறைக் கழிவும் பாத்திரம் கழுவிய நீரும் போகும். கூடை வரை கை எட்டுவதற்கு ஓரிடத்தில் சிறு வழி. சத்தும் ஈரமும் நடுவிலிருந்து நாலாபக்கமும் கசிந்து பரவும். ஒரு பொறியாளன் என்ற முறையில் இந்த அமைப்பைக் கண்டு வியக்கிறேன். குனிய வேண்டாம், தூரத்திலிருந்து நீர் சுமக்க வேண்டாம். எய்ட்ஸ் நோய் அந்நாட்டைச் சூறையாடிய காலத்தில், நோயுற்றவர்களும் பேரக் குழந்தைகளை வளர்க்கும் பாட்டிகளும் வாசற்படிக்கு அருகிலேயே கீரை பறிக்க இது உதவியது. பயனாளியின் முதுகுவலியை எண்ணிப் பார்த்துப் போட்ட வரைபடம் அது.

நம் பக்கத்துக் கதை

இவற்றையெல்லாம் ஆப்பிரிக்காவில்தான் தேட வேண்டும் என்பதில்லை. டென்மார்க் நாட்டு உதவியுடன் கர்நாடகத்தில் 1980களின் தொடக்கத்தில் விவசாயப் பெண்களுக்கென்றே ஒரு பயிற்சித் திட்டம் வந்தது. அதே வழியில் தமிழ்நாட்டில் 1986இல் 'தான்வா' என்ற மகளிர் வேளாண் திட்டம் தொடங்கியது. நாம் பிறந்த மாநிலம், வாழும் மாநிலம் இரண்டுக்கும் இதில் பங்கு உண்டு என்பதால் குறிப்பிட்டுச் சொல்கிறேன்.

தான்வாவின் சிறப்பு எளிமை. பெண் வேளாண் அலுவலர்களே கிராமத்துக்குப் போனார்கள். சிறு குறு விவசாயக் குடும்பத்துப் பெண்களைச் சிறு குழுவாக அமர்த்தி, செலவில்லாத உத்திகளைக் கற்பித்தார்கள். உப்புக் கரைசலில் நெல் விதையைப் போட்டுத் தேர்ந்தெடுப்பது அத்தகைய ஓர் உத்தி. தண்ணீரில் உப்பைக் கரைத்துக்கொண்டே போய், ஒரு கோழிமுட்டை மிதக்கும் பதம் வந்ததும் விதையைக் கொட்டினால், சாவி மிதக்கும், கனத்த விதை அடியில் தங்கும். அதை நல்ல நீரில் கழுவி விதைக்க வேண்டியதுதான். அடர்த்திமானி என்ற கருவி செய்யும் வேலையை முட்டை செய்துவிடுகிறது. பயறு விதையை ஆறிய கஞ்சியில் ரைசோபியம் கலந்து புரட்டி நிழலில் உலர்த்துவதும் இதே போன்றதுதான்.

பயிற்சிக்குப் பின் அலுவலர்கள் மீண்டும் மீண்டும் ஊருக்குப் போனார்கள். கற்றவள் அக்கம்பக்கத்துப் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டும் என்பதும் ஏற்பாடு. ஆகவே அந்த உத்திகள் சான்றிதழோடு நிற்காமல் வரப்பு தாண்டிப் போயின. அந்த வெளிநாட்டு உதவி முடிந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. முட்டை வைத்து விதை பார்க்கும் வழக்கம் முடிந்துவிடவில்லை.

இன்னொரு கதை நம் மைசூர்க்காரர் ஒருவருடையது. பி.வி. சதீஷ் 1945இல் மைசூரில் பிறந்தவர். பத்திரிகையாளராகவும் தொலைக்காட்சித் தயாரிப்பாளராகவும் இருந்து, 1983இல் இன்றைய தெலங்கானாவின் ஜகீராபாத் பகுதியில் நண்பர்களுடன் தக்காண மேம்பாட்டுச் சங்கத்தைத் தொடங்கினார். அங்கே தலித் பெண்கள் ஊருக்கு ஊர் சங்கமாகச் சேர்ந்தார்கள். தரிசாகக் கிடந்த நிலங்களைத் திருத்தினார்கள். ஒரே வயலில் சோளம், தினை, துவரை, கொள்ளு என்று பல தானியங்களைக் கலந்து விதைத்தார்கள். விதைகளைச் சாம்பலும் வேப்பிலையும் கலந்து கூடைகளில் காத்து, விதை வங்கி நடத்தினார்கள். 1990களின் நடுவில், தரிசைத் திருத்தக் கொடுத்த கடனைத் தானியமாகவே திருப்பி வாங்கி, அதை ஊரின் ஏழைகளுக்கே வழங்கும் ஒரு மாற்று ரேஷன் முறையையும் உருவாக்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் வீடியோ காமிரா பிடித்தார்கள். வானொலி நிலையம் நடத்தினார்கள். 2019இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் பரிசு அந்தச் சங்கத்துக்குக் கிடைத்தது. சதீஷ் 2023இல் காலமானார். அவர் பிறந்த ஊரில் அவரைத் தெரிந்தவர்கள் இன்னும் அதிகமாக இருக்க வேண்டும்.

விவசாயம் அல்லாத ஓர் உதாரணமும் இங்கே பொருந்தும். ராஜஸ்தானில் திலோனியா என்ற ஊரில் 1972இல் தொடங்கிய 'வெறுங்கால் கல்லூரி'க்கு, இந்திய அரசின் உதவியுடன் ஆப்பிரிக்க நாடுகளின் கிராமப் பெண்கள் வந்து ஆறு மாதம் தங்கிச் சூரிய விளக்கு அமைக்கப் பயின்றார்கள். பலருக்கு எழுத்து தெரியாது. பயிற்றுநருக்கும் மாணவிக்கும் பொது மொழியும் கிடையாது. நிறத்தை வைத்தும் சைகையாலும் மின்சுற்றைக் கற்றுக்கொண்டார்கள். இளைஞர்களை விட்டுவிட்டு ஏன் நடுத்தர வயதுத் தாய்மார்களையும் பாட்டிகளையும் தேர்ந்தெடுத்தார்கள்? இளைஞன் கையில் சான்றிதழ் கிடைத்ததும் பட்டணத்துக்கு வேலை தேடிப் போய்விடுகிறான். பாட்டி ஊரை விட்டுப் போக மாட்டாள் என்பது அந்தக் கல்லூரியின் நிறுவனர் பங்கர் ராய் சொன்ன காரணம். அங்கே சான்றிதழும் கொடுப்பதில்லை. நம் முகாம் அமைப்பாளர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

நிலம் யார் பெயரில்?

எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது நிலம். 2015-16ஆம் ஆண்டின் வேளாண் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் சாகுபடி செய்யப்படும் கைப்பற்றுகளில் பெண்கள் பெயரில் நடப்பவை நூற்றுக்கு 14தான். வயலில் உழைப்போரின் கணக்கையும் இந்தக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தமிழ்நாடு 1989இலும் கர்நாடகம் 1994இலும் மகளுக்குப் பிதிரார்ஜிதச் சொத்தில் சம உரிமை என்று சட்டம் செய்தன. 2005இல் மத்தியச் சட்டமும் வந்தது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. பட்டா அண்ணன் பெயரில் இருக்கிறது.

பெயரில் நிலம் இல்லையென்றால் வங்கிக் கடன் கிடைப்பது அரிது. பயிர்க் காப்பீடும் அரிது. அவளை விவசாயி என்றே அரசுப் பதிவேடு காண்பதில்லை. பேராசிரியர் எம்.எஸ். சுவாமிநாதன் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது, பெண் விவசாயிகளின் உரிமைகளுக்காக ஒரு தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். அது நிறைவேறாமல் காலாவதியாயிற்று. கேரளத்தில் 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீ வேறு வழியைப் பிடித்தது. நிலமில்லாத பெண்கள் குழுவாகச் சேர்ந்து, தரிசு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, கூட்டாகப் பயிரிட்டு, குழுவின் பெயரிலேயே கடனும் வாங்கினார்கள். கூட்டுத் தோட்டம் என்பது அழகுக்காகச் செய்யும் காரியம் அல்ல. தனியாக நிலம் கிடைக்காதவளுக்கு அது ஒரு குறுக்கு வழி.

நிலம் போனால் அறிவும் போய்விடும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். அக்ரஹாரத்தை ஒட்டி நஞ்சன்கூடு சாலைப் பக்கம் 'எலெதோட்ட' என்று கன்னடத்தில் சொல்லும் வெற்றிலைக் கொடிக்கால்கள் உள்ளன. மைசூர் வெற்றிலை என்று புவிசார் குறியீடு பெற்ற பெயருக்கு அவைதான் பிறப்பிடம். பழைய மைசூர்வாசிகளுக்கு அந்தத் தோட்டங்கள் எவ்வளவு பரந்திருந்தன என்பது நினைவிருக்கும். இன்று கட்டடங்களுக்கு இடையே துண்டு துண்டாக எஞ்சி நிற்கின்றன. கொடி கட்டவும் நீர் பாய்ச்சவும் யாரும் அங்கே முகாம் நடத்தவில்லை. தலைமுறை தலைமுறையாகத் தினமும் தோட்டத்தில் நின்று கற்றது அது. தோட்டமே மனையாகிவிட்டால் எந்தப் பயிற்சியாளர் வந்து அதை மீட்டுத் தருவார்?

நம் சங்கம் செய்யக்கூடியது

இனி நம் முகாம் விஷயத்துக்கு வருகிறேன். என் யோசனைகள் இவை.

முதலாவது, பத்து ஊருக்கு ஒரு நாள் என்பதை விட்டு, ஒரே ஊருக்கு ஓர் ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். இருபது பெண்கள் போதும். முங்காரு, ஹிங்காரு, கோடை என்று மூன்று பருவத்தையும் அவர்களோடு கடக்க வேண்டும். முதல் பருவத்தில் செய்த தவறு மூன்றாவது பருவத்தில்தான் திருந்தும்.

இரண்டாவது, தொடங்குமுன் நிலத்தை உறுதி செய்ய வேண்டும். பஞ்சாயத்து நிலமோ, பள்ளிக்கூடத்துப் பின்புறமோ, யாராவது உரிமையாளரின் தரிசோ, குறைந்தது மூன்று ஆண்டுக்கு அந்தப் பெண்கள் குழுவின் பெயரில் எழுத்து மூலம் குத்தகை வேண்டும். நம் உறுப்பினர்களில் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். பத்திரம் எழுத உதவலாம். காகிதம் இல்லாவிட்டால் விதை போட வேண்டாம். தோட்டம் பச்சையான பிறகுதான் உரிமையாளருக்கு அதன்மீது ஆசை வரும்.

மூன்றாவது, முதல் கூட்டத்தில் நாம் பேசக்கூடாது. அவர்களிடம் என்ன விதை இருக்கிறது, என்ன கீரை முன்பு சாப்பிட்டார்கள், எது இப்போது கிடைப்பதில்லை என்று கேட்டுக் குறித்துக்கொள்வோம். பயிற்றுநராக அதே பகுதியின் அனுபவமுள்ள விவசாயப் பெண் ஒருவரை அமர்த்தி, கௌரவமான ஊதியம் கொடுப்போம். கால்நடை, சமையல், பள்ளிக் குழந்தைகள் எல்லாம் ஒழிந்த நேரம் எது என்று அவர்கள் சொல்வதுதான் வகுப்பு நேரம். வீட்டு ஆண்களையும் மாதம் ஒருமுறை அழைப்போம். மலாவியைப் போலக் கரண்டி கொடுத்தாலும் நல்லதே.

நான்காவது, பணத்தில் கால் பங்கைத் தொடக்கத்துக்கும் முக்கால் பங்கைத் தொடர்ந்து போய்வருவதற்கும் ஒதுக்க வேண்டும். சான்றிதழுக்கும் பதாகைக்கும் செலவு வேண்டாம். ஓராண்டு கழித்துத் தோட்டம் உயிரோடு இருந்தால், அப்போது படம் எடுத்து நம் மலரின் அட்டையில் போடுவோம்.

இதற்கு மூன்று ஆட்சேபங்கள் வரும் என்று அறிவேன். ஒரே ஊர்தானா, நன்கொடை கொடுத்தவர்கள் கேட்பார்களே என்பது முதலாவது. பத்து ஊரில் ஒன்றும் முளைக்காததைவிட ஒரே ஊரில் முளைப்பது மேல் என்று அவர்களிடம் சொல்லலாம். முளைத்தால் பக்கத்து ஊர்ப் பெண்கள் தாமாகவே வந்து பார்ப்பார்கள். அதற்கு நாம் பதாகை கட்ட வேண்டியதில்லை. இரண்டாவது, ஓராண்டு முழுவதும் போய்வர ஆள் ஏது என்பது. நம் சங்கத்தில் ஓய்வூதியர்களுக்குப் பஞ்சமா? மாதம் ஒருமுறை நஞ்சன்கூட்டுக்குப் போய்வர ரயில் இருக்கிறது. நான் ஒருவன் தயார். இன்னும் மூன்று பேர் பெயர் கொடுத்தால் வாரம் ஒருவர் என்று முறை வைத்துக்கொள்ளலாம். கீமேன் வேலை எனக்குப் பழகியதுதான்.

மூன்றாவது ஆட்சேபம் சற்று மெல்லிய குரலில் எழும். அவை கன்னட ஊர்கள். தமிழ்ச் சங்கத்துப் பணம் அங்கே ஏன் போக வேண்டும் என்பார்கள். நம் பாட்டன் காலத்திலிருந்து இந்த மண்ணின் அரிசியையும் ராகியையும் சாப்பிட்டு வந்திருக்கிறோம். அக்ரஹாரத்தில் நம் வாசலுக்குப் பூவும் கீரையும் கொண்டு வருகிற பெண் எந்த மொழி பேசுகிறாள் என்று பார்த்தா வாங்குகிறோம்? வெளிமாநிலத்தில் ஒரு சங்கம் மரியாதையோடு வாழ்வதற்குக் கலை நிகழ்ச்சி மட்டும் போதாது. சுற்றியுள்ள மக்களுக்கு ஒரு நன்மை செய்தது என்ற பெயரும் வேண்டும்.

2026ஆம் ஆண்டைப் பெண் விவசாயிகளின் சர்வதேச ஆண்டாக ஐ.நா. சபை அறிவித்திருக்கிறது. ஆண்டு விழாவுக்கு நிறைய மேடைகள் எழும். நிறையப் படங்கள் வரும். நம் சங்கம் மேடை போடாமல், ஓர் ஊரில் ஒரு தோட்டத்தை மூன்று பருவம் காத்துக் கொடுக்கட்டும் என்பதே என் வேண்டுகோள். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர எண்ணியிருக்கிறேன். உடன்படுகிறவர்களும் மறுக்கிறவர்களும் தங்கள் கருத்தை ஆசிரியருக்கு எழுதுங்கள். மறுப்பவர்களுக்கு ஒரே ஒரு விண்ணப்பம். நீங்கள் இதுவரை கண்ட ஏதாவது ஒரு நாள் முகாமில் பயின்ற ஒரு பெண்ணை இன்று போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.